மருத்துவ சங்கத்து அறிக்கைகளால் எங்களுக்கு என்ன கிடைத்தது?

மருதானை வாசகர் ஒருவர், 2025 மார்ச் 4

"நாட்டில் ஏதாவது நடந்தால் உடனே மருத்துவ சங்கம் ஒரு அறிக்கை விடும். அறிக்கை விட்டு எந்த ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்தது? எந்த வர்த்தமானி மாறியது? கொவிட்டில் இறந்த எங்கட ஆக்களின் உடல்களை, ஜனாஸாக்களை, எரிக்கும்போது இந்த டொக்டர்மார் எங்கே இருந்தார்கள்? அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்த பிறகுதான் அடக்க விட்டார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

மார்ச் 4, இரவு

தம்பி, உங்கள் கோபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "எந்த வர்த்தமானி மாறியது", அதாவது எந்த அரச உத்தரவு மாறியது, என்று கேட்டீர்களே, அந்த இடத்தில் பதில் சொல்ல இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசிக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே எனக்குத் தலை நரைத்துவிட்டது. அந்த அறிக்கைகள் வந்த நாட்களில் சனம் வந்து என்ன கேட்டது, எதை வாங்க முடியாமல் திரும்பிப் போனது என்று நேரில் கண்டவள் நான். ஒரே மூச்சில் எழுத முடியாது, நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

முதலில், யாரைத் திட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு திட்டுவோம். கொழும்பில் டொக்டர்மாரின் பெயரில் பல தரப்பு பேசுகிறது. இடமாற்றம், கொடுப்பனவு என்று அமைச்சோடு மல்லுக்கட்டி வேலைநிறுத்தம் செய்வது அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம். அது தொழிற்சங்கம். டொக்டர்மாரைப் பதிவு செய்வதும் முறைப்பாடு வந்தால் விசாரிப்பதும் இலங்கை மருத்துவ சபை. அது சட்டத்தால் வந்தது. விஜேராம மாவத்தையில் இருக்கிற இலங்கை மருத்துவ சங்கம் வேறு. பிரித்தானிய மருத்துவ சங்கத்தின் இலங்கைக் கிளையாக 1887இல் தொடங்கியது. தொழிற்சங்கம் மாதிரி ஆஸ்பத்திரியை முடக்கவும் அதற்கு ஏலாது, ஒருவரின் பதிவை வெட்டவும் ஏலாது. அதனிடம் இருப்பது அறிவும் அந்த அறிவுக்கு இருக்கிற மரியாதையும்தான். ஆகவே அது எப்போது பேசுகிறது, யாருக்குக் கேட்கும்படி பேசுகிறது என்பதுதான் அதன் முழு வேலையும்.

ஜனாஸா விஷயத்தை நாளைக்கு எழுதுகிறேன். அதை நித்திரைக் கண்ணோடு எழுதக் கூடாது.

மார்ச் 5

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி வந்தது. கொவிட்டால் இறந்தவரின் உடலை 800 முதல் 1200 பாகை வெப்பத்தில், 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை எரிக்க வேண்டும் என்றது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய மாதமே சொல்லியிருந்தது. இங்கே மட்டும் நிலத்தடி நீருக்குள் வைரஸ் போய்விடும் என்றார்கள். முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும் சேர்ந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2020 டிசம்பர் 1ஆம் திகதி அந்த மனுக்கள் தள்ளுபடியாயின. அதே மாதம், பிறந்து 20 நாளான ஒரு குழந்தையின் உடலை, தாய் தகப்பன் சம்மதம் இல்லாமல் எரித்தார்கள். பொரளைக் கனத்தை மயான வேலியில் சனம், உடலைச் சுற்றும் கபன் துணியைக் கிழித்துக் கட்டியது அதன் பிறகுதான். நான் பஸ்ஸில் போகும்போது கண்டேன். வெள்ளைத் துணித் துண்டுகள், கையால் கிழித்ததால் ஓரம் நூல் நூலாகத் தொங்கியது. அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது வேலி வெறுமையாக இருந்தது.

இப்போது டொக்டர்மாருக்கு வருகிறேன். டிசம்பர் கடைசியில் சமுதாய மருத்துவ நிபுணர்களின் கல்லூரி, அடக்கம் செய்வதால் நோய் பரவும் என்பதற்குச் சான்று இல்லை என்று எழுதியது. 2021 ஜனவரி தொடக்கத்தில் இலங்கை மருத்துவ சங்கம் அறிக்கை வெளியிட்டது. இந்த வைரஸ் முக்கியமாகச் சுவாசத் துளிகளால் தொற்றுகிறது. செத்த உடலுக்குள் தொற்றும் நிலையில் அது நெடுநேரம் இருக்க வாய்ப்பில்லை. பி.சி.ஆர். பொசிட்டிவ் என்பதற்காக அந்த உடல் நோயைப் பரப்பும் என்று அர்த்தம் இல்லை. ஆகவே அடக்கம் செய்ய அனுமதிக்கலாம். சுருக்கமாக அதுதான் அறிக்கை.

பெப்ரவரி 25ஆம் திகதி வர்த்தமானி திருத்தப்பட்டது. இம்ரான் கான் கொழும்பில் இருந்தது அதற்கு முந்திய இரண்டு நாளும். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவைக் கூட்டமும் அந்தக் கிழமைதான் தொடங்கியது. ஆகவே நீங்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அரசு பத்து மாதமாகப் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொழுக்கி "விஞ்ஞானம்" என்ற பெயர். அந்தப் பெயரை அவர்கள் கையில் இருந்து பறித்தது நாட்டின் மூத்த மருத்துவ சங்கம். அது நடக்காமல் இம்ரான் கான் வந்திருந்தால், "நிபுணர்கள் விடுகிறார்கள் இல்லை" என்று சொல்லி அவரையும் தேநீர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

மார்ச் 5, பின்னேரம்

வெள்ளவத்தையில் இருந்து ஒருவர் கேட்கிறார்: அடக்கம் அனுமதித்த பிறகு ஏன் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி?

முதலில் வடக்கில் இருக்கிற இரணைதீவு என்றார்கள். அங்கே இருக்கிற கத்தோலிக்க மீனவச் சனம் எதிர்த்தது. பிறகு ஓட்டமாவடி மஜ்மா நகர் முடிவானது. 2021 மார்ச் 5ஆம் திகதி முதல் அங்கே அடக்கம் செய்தார்கள். ஒரு வருஷத்தில் மூவாயிரத்துக்கும் மேலான உடல்கள். கொழும்பில் இறந்த வாப்பாவை அடக்க நாட்டின் மறு கரைக்குப் போக வேண்டும், கூடப் போகக்கூடியவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். இதற்கும் எந்த விஞ்ஞானமும் இல்லை. 2022 மார்ச்சில்தான் அவரவர் ஊர் மையவாடிக்கு அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

மார்ச் 6

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒன்று உறுத்துகிறது. ஏப்ரல் 11இல் இருந்து ஜனவரி வரைக்கும் எண்ணிப் பாருங்கள், ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த வைரஸ் எப்படித் தொற்றுகிறது என்பது ஜனவரியில் புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. தனித்தனியாகப் பேசிய டொக்டர்மார் இருந்தார்கள், பேராசிரியர்கள் இருந்தார்கள், அவர்களுக்குப் பேஸ்புக்கில் கிடைத்த வசவையும் நான் வாசித்தேன். ஆனால் தனி ஆள் பேசுவது வேறு, சங்கம் பேசுவது வேறு. சங்கத்தின் கடிதத் தலைப்பில் வந்தால் அமைச்சு பதில் சொல்லியாக வேண்டும்.

அறிக்கை எனக்கு வந்து சேர்ந்தது வட்ஸ்அப்பில், ஆங்கிலத்தில். அன்றைக்குக் கவுண்டருக்கு வந்த மரைக்காயர் ஒருவருக்கு நான் தமிழில் சொன்னேன். அவருடைய மனைவி கொவிட் வார்டில் இருந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "இது சட்டமா மகள்?" இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் தலையாட்டிவிட்டுப் பரசிட்டமோல் கார்ட் (குளிசை அட்டை) ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். மனைவி பிழைத்து வந்தார் என்று பிறகு தெரிந்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தக் கேள்விக்கு "ஓம்" என்று சொல்ல முடிந்திருக்க வேண்டியது ஏப்ரலில்.

தம்பி, ஆகவே பாதிக்குப் பாதி உங்களோடு நிற்கிறேன். அறிக்கை வேலை செய்தது. பிந்தி வேலை செய்தது. பிந்திய அந்த மாதங்களில் எரிந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

மார்ச் 6, இரவு

ஓய்வுபெற்ற நேர்ஸ் அக்கா ஒருவர் என்மேல் கோபம். "சங்கம் என்றால் அவரவர் அரசாங்க வேலையில் இருக்கிற டொக்டர்மார்தானே, அமைச்சுக்கு எதிராக வாய் திறந்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா" என்கிறார். தெரியும் அக்கா. அதற்காகத்தான் சங்கம் என்று ஒன்று வேண்டும். தனியாகப் பேசினால் இடமாற்றம் வரும், கூட்டமாகப் பேசினால் எல்லாரையும் வவுனியாவுக்கு அனுப்ப முடியாது. (வவுனியாக்காரர் கோபிக்க வேண்டாம், அங்கே டொக்டர் தேவை என்பது எனக்கும் தெரியும்.)

2020 ஜூலையில் பி.எச்.ஐ.மார், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், செய்ததை நினைத்துப் பாருங்கள். கொவிட் விதிமுறைகளை வர்த்தமானியில் போடாமல் எங்களை வீதியில் இறக்காதீர்கள் என்று வேலையில் இருந்து விலகி நின்றார்கள். டொக்டர்மாரை விடச் சம்பளமும் செல்வாக்கும் குறைந்தவர்கள் அவர்கள்.

மார்ச் 8

2022 பொருளாதார நெருக்கடிக்கு வருவோம். "எந்த ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்தது" என்ற கேள்விக்கு இதுதான் இடம்.

டொலர் இல்லை, கப்பல் இல்லை. மார்ச்சில் மருந்து விலை 29 வீதம் கூடியது. ஏப்ரல் கடைசியில் 60 வகை மருந்துக்கு 40 வீதம். பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசை எடுக்கிறவர்கள் வழக்கமாக ஒரு மாதத்துக்கு வாங்குவார்கள். அப்போது ஒரு கிழமைக்குக் கேட்டார்கள். பிறகு அரைக் கார்ட் கேட்டார்கள். கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தோம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, பாமசியில் நின்றவர்களுக்குத்தான் தெரியும்: காலாவதித் திகதி கார்டின் ஒரு முனையில்தான் அடித்திருக்கும். வெட்டினால் ஒருவருக்குத் திகதி உள்ள பாதி, மற்றவருக்குத் திகதி இல்லாத பாதி. திகதி இல்லாத பாதியைக் கடித உறையில் போட்டு மருந்தின் பெயரையும் திகதியையும் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். சிலர் உறையைக் கடையிலேயே கிழித்துப் போட்டுவிட்டுக் குளிசையை மட்டும் சட்டைப் பைக்குள் வைப்பார்கள். கூப்பிட்டு இன்னொரு உறை கொடுப்பேன்.

அந்த ஏப்ரலில் முதலில் டொக்டர்மாரின் தொழிற்சங்கம் சுகாதார அவசரநிலை என்றது. பிறகு இலங்கை மருத்துவ சங்கம் ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதி அதை வெளியிட்டது. வழக்கமான சத்திரசிகிச்சைகளை ஏற்கெனவே பல ஆஸ்பத்திரிகள் நிறுத்திவிட்டன, இனி அவசரச் சத்திரசிகிச்சையும் முடியாமல் போகலாம், யாருக்குச் சிகிச்சை கொடுப்பது யாரை விடுவது என்று தெரிவு செய்ய வேண்டி வரும், மருந்து வராவிட்டால் கொவிட்டை விட அதிகமானோர் இறப்பார்கள் என்று எழுதினார்கள். பச்சிளம் குழந்தைகளுக்கு மூச்சுக் குழாயில் போடும் டியூப் முடிகிறது, யாராவது அனுப்புங்கள் என்று அந்தத் துறை நிபுணர்களின் சங்கமும் பகிரங்கமாகக் கேட்டது. ஒருமுறை பாவித்து எறிய வேண்டிய டியூப்பைக் கழுவிக் கிருமி நீக்கி எடுத்து வையுங்கள் என்று சொல்கிற நிலைமை.

இந்தக் கடிதம் பிந்தவில்லை. கேட்கக்கூடிய மொழியில், கேட்கக்கூடிய ஆளுக்கு, ஒளிக்காமல் எழுதியது. உலகச் செய்தி எல்லாம் அதை எடுத்துப் போட்டது. அந்த மாதக் கடைசியில் இந்தியக் கடற்படைக் கப்பல் 760 கிலோ மருந்து கொண்டுவந்தது. மே மாதம் தமிழ்நாடு அனுப்பிய கப்பலில் அரிசி, பால்மாவோடு மருந்தும் வந்தது. கடிதத்தால்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை, அரசுகள் பேசித்தான் கப்பல் வரும். ஆனால் "தட்டுப்பாடு இல்லை, எல்லாம் கையிருப்பில் இருக்கிறது" என்று மைக் முன்னால் சொல்ல இனி யாருக்கும் முடியாமல் போனது அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான்.

மார்ச் 9

ஒருவர் எழுதியிருக்கிறார்: "எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்தால் இப்படித்தான் முடியும். ஓபிடியில் (வெளிநோயாளர் பிரிவில்) ஆளுக்கு ஐம்பது ரூபா வாங்குங்கள்."

1971இல் வாங்கிப் பார்த்தார்கள், ஒரு தடவைக்கு 25 சதம். ஓபிடிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள், வருத்தம் குறையவில்லை. 1977இல் நிறுத்தினார்கள். இதற்கு மேல் இந்தப் பக்கம் இழுக்க வேண்டாம்.

மார்ச் 9, இரவு

சரி, கொஞ்சம் இழுக்கிறேன். ஐம்பது ரூபா பெரிய காசா என்று கேட்கிறவர் மட்டக்குளியில் இருந்து பெரியாஸ்பத்திரிக்கு வரும் ஒரு பெட்டையின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. பஸ் காசு. ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்துக்கு வெளியே வாங்கச் சொல்லித் துண்டு. வெளியே எடுக்கச் சொன்ன இரத்தப் பரிசோதனை. இந்த நாட்டில் மருத்துவச் செலவில் ஏறக்குறையப் பாதி சனத்தின் சொந்தப் பையில் இருந்துதான் போகிறது. இலவசம் என்று சொல்லும்போதே அவ்வளவு.

மார்ச் 11

மருத்துவ மாணவி ஒரு தங்கச்சி கேட்டது: "நாங்கள் மருந்தின் பொதுப் பெயரைத்தான் எழுதப் படிக்கிறோம். வெளியே வந்த பிறகு எல்லாரும் ஏன் கம்பனிப் பெயர் எழுதுகிறார்கள்?"

தங்கச்சி, இது பழைய சண்டை. சேனக பிபிலேயின் பெயரைப் படித்திருப்பீர்கள். எங்கள் நாட்டின் முதல் மருந்தியல் பேராசிரியர். இத்தனை ஆயிரம் பெயரில் மருந்து வேண்டாம், தேவையானதைப் பொதுப் பெயரில், கேள்விப்பத்திரம் போட்டு, மொத்தமாக மலிவாக இறக்குவோம் என்று சொன்னவர். 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர்தான். இன்றைக்கும் சனம் ஒசுசல என்று தேடிப் போகிறதே, அது அந்தக் கூட்டுத்தாபனத்தின் கடை. பிறகு மூன்றாம் உலக நாடுகள் பல அவருடைய யோசனையைப் படித்தன. 1977இல் கயானாவில் வேலையாகப் போன இடத்தில் இறந்தார். அவர் கேட்ட மருந்துக் கொள்கைக்கு ஒரு சட்டம், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபைச் சட்டம், 2015இல்தான் வந்தது. நடுவில் 38 வருஷம். மருந்துக் கம்பனிகள் எதிர்த்தது யாருக்கும் தெரியும். ஆனால் டொக்டர்மார் எல்லாரும் அவர் பக்கம் நின்றார்கள் என்று சொல்ல முடியாது. "எனக்குப் பிடித்த மருந்தை எழுத எனக்கு உரிமை" என்ற குரல் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

கவுண்டரில் இது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். துண்டில் கம்பனிப் பெயர். அதே மருந்து இன்னொரு கம்பனியில் பாதிக்கும் குறைந்த விலைக்கு என் கையில் இருக்கிறது. வாங்க வந்த அம்மாவிடம் அதைச் சொன்னால், காசை எண்ணிக்கொண்டே, "இல்லப் பிள்ளை, டொக்டர் எழுதினதையே தாங்கோ" என்பார். அவரைப் பிழை சொல்ல முடியுமா? அவருக்கு டொக்டரைத் தெரியும், என்னைத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் மருத்துவ சங்கம் தன் உறுப்பினர்களைப் பார்த்து ஒரு அறிக்கை விட்டால், அமைச்சைப் பார்த்து விடும் பத்து அறிக்கையை விட எங்கள் சனத்துக்குக் கூடுதலாக மிஞ்சும்.

மார்ச் 12

மேலே மருந்து வந்ததைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுதினேன். அதன் அடுத்த பக்கத்தையும் எழுத வேண்டும்.

தட்டுப்பாடு என்று எல்லாரும் கத்தினோம், சரிதான். அந்தச் சத்தத்துக்குள்ளேயே "அவசரக் கொள்வனவு" என்ற கதவு திறந்தது. பதிவு செய்யாத மருந்துகள் விலக்கு அனுமதியோடு உள்ளே வந்தன. 2023இல் இமியூனோகுளோபியூலின் விவகாரம் வெடித்தது. மனித இரத்தத்தில் இருந்து எடுக்கும், விலை கூடிய, உயிர் காக்கும் மருந்து என்று ஆஸ்பத்திரிக்குப் போனது போலி. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரையே கைது செய்தார்கள். வழக்கு நடக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. அந்தக் காலத்தில் ஊசி மருந்து வாங்க வந்தவர்கள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நல்லதுதானா" என்று என்னைக் கேட்டார்கள். ஒரு பாமசிக்காரிக்கு இதை விட வலிக்கிற கேள்வி இல்லை.

அதனால் 2022 கடிதத்தைப் பற்றி எனக்கு இப்போது ஒரு யோசனை. மருந்து உடனே கொண்டு வாருங்கள் என்று கேட்டதோடு, தரம் பார்க்கிற வாசலைத் திறந்துபோட்டுக் கொண்டு வராதீர்கள் என்றும் அதே உரத்த குரலில் எல்லாச் சங்கமும் தொடர்ந்து கேட்டிருக்க வேண்டும். தட்டுப்பாட்டுக்கு உலகமே காது கொடுத்தது. தரத்துக்கு அப்படி ஒரு ஏப்ரல் வரவில்லை.

மார்ச் 13

நேர்ஸ் அக்கா திரும்ப வந்திருக்கிறார், இந்த முறை சமாதானமாக. மலேரியாவைப் பற்றி எழுதச் சொல்கிறார். அவருடைய பாட்டனார் 1934, 35 மலேரியாக் காலத்தில் கேகாலைப் பக்கம் இருந்தவராம். அந்தக் கொள்ளையில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். இந்த நாட்டிலேயே தொடர்ந்து பரவி வந்த மலேரியா 2012இல் முடிந்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று கொடுத்தது. அது அறிக்கையால் வரவில்லை, வீடு வீடாகப் போன உத்தியோகத்தர்களால், இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தட்டில் பார்த்தவர்களால் வந்தது என்பது அக்காவின் வாதம். ஒத்துக்கொள்கிறேன். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி), பி.எச்.ஐ., குடும்ப நல மாது, இவர்கள்தான் எங்கள் சுகாதார சேவையின் கால்கள்.

மார்ச் 15

மருதானைத் தம்பி நோன்பு திறந்துவிட்டு எழுதியிருக்கிறார். "அக்கா, சரி, பாதி ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சங்கத்திடம் என்னதான் கேட்கிறீர்கள்?"

நேராகக் கேட்டதால் நேராகச் சொல்கிறேன். அறிக்கை ஆங்கிலத்தில் வெளியாகும் அதே நாளில் தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அமைச்சு என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிற பக்கத்தின் கீழே, இதற்கிடையில் வீட்டில் இருக்கிறவர் என்ன செய்யலாம் என்று நாலு வரி வேண்டும். அதைக் கொழும்பு மாநகர சபை டிஸ்பென்சரிகளிலும் பாமசிகளிலும் ஒட்டத் தர வேண்டும். பத்திரிகை ஆசிரியருக்குப் போகிற அறிக்கை கொழும்பு வாழைத்தோட்டத்துத் தெருக்களுக்கு வருவதில்லை.

மொழி பெரிய விஷயமா என்று யாராவது கேட்பதற்கு முன்: என் மாமி ஒருவர் கிளினிக்கில் மருந்து எடுத்து வந்தார். உறையில் எல்லாம் சிங்களத்தில். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய குளிசையை மாதக்கணக்கில் சாப்பிட்ட பின் போட்டிருக்கிறார். வயிறு எரிகிறது என்று என்னிடம் வந்தபோதுதான் தெரிந்தது. அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம், அங்கே மருந்து கட்டிக் கொடுத்த பிள்ளைக்கு ஒரு காலையில் எத்தனை நூறு உறை எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். உறையை மூன்று மொழியில் அச்சடித்து அனுப்பினால் அந்தப் பிள்ளை புள்ளடி போட்டால் போதும். இதைக் கேட்க ஒரு மருத்துவ சங்கத்துக்கு எவ்வளவு நேரம் எடுக்கும்?

மற்றது, வர்த்தமானி அடிக்கிறதற்கு முன் பேச வேண்டும். அடித்த பிறகு அரசுக்கு ரோஷம் வந்துவிடும், திருத்துவதைத் தோல்வி என்று நினைப்பார்கள். 2021 மே மாதம் கொவிட் அலை திரும்ப எழுந்தபோது மருத்துவ சங்கமும் மற்றச் சங்கங்களும் சேர்ந்து நடமாட்டத்தை இறுக்குங்கள் என்று ஜனாதிபதிக்கு எழுதினார்கள். நேரத்துக்கு எழுதியதுதான். ஆனால் ஓகஸ்ட்டில் திரும்பவும் கெஞ்ச வேண்டி வந்தது, 20ஆம் திகதி இரவுதான் ஊரடங்கு. அதற்குள் எங்கள் தெருவில் மூன்று வீட்டு வாசலில் சாவு வீட்டு வெள்ளைக் கொடி. நேரத்துக்குப் பேசியும் கேட்காத இடத்தில் சங்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மார்ச் 18

கொழும்புக்குப் பக்கத்து மீதொட்டமுல்லையை யாரோ ஞாபகப்படுத்தினார்கள். 2017 ஏப்ரல் 14, புதுவருஷத்தன்று குப்பை மேடு சரிந்து வீடுகளை மூடியது. பிறகு கிழமைக்கணக்கில் கொழும்பில் குப்பை அள்ள ஆள் இல்லை, பிறகு மழை, பிறகு டெங்கு. அந்த வருஷம் நாடு முழுக்க 186,101 பேருக்கு டெங்கு பதிவானது, இறந்தவர்கள் நானூறுக்கு மேல், மேல் மாகாணத்தில்தான் கூட. குப்பைக்கு ஒரு அமைச்சு, நுளம்புக்கு இன்னொரு அமைச்சு, வடிகான் கழுவ மாநகர சபை. நுளம்புக்கு இந்தப் பிரிவினை தெரியாது. டொக்டர்மாரின் சங்கங்கள் குப்பையைப் பற்றி அப்போது பேசியதை "அவர்களுக்கு ஏன் இந்த வேலை" என்று திட்டியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பேச வேண்டிய விஷயம் அதுதான்.

மார்ச் 19

டெங்கு என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. பாமசிக்காரியாக எனக்குச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன், மிச்சம் டொக்டரிடம்.

காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், ஆறு மணித்தியாலம் இடைவெளி விட்டு, நிறைக்குத் தக்க அளவில். உடம்பு உளைச்சல் தாங்கவில்லை என்று டைக்ளோபெனாக், இபுபுரோபன், அஸ்பிரின் கேட்டு வருகிறார்கள். டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். காய்ச்சலோடு வருகிறவருக்கு நான் கொடுக்க மாட்டேன், பக்கத்துக் கடையில் கொடுத்தால் தயவுசெய்து வாங்க வேண்டாம். மூன்றாம் நாள் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் எஃப்.பி.சி. பரிசோதனை எடுத்து டொக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் முக்கியமானது. காய்ச்சல் விட்ட உடனே சுகம் என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். இரத்தக் குழாயில் இருந்து நீர் கசிகிற ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்கும். வயிற்று வலி, தொடர்ந்து வாந்தி, கை கால் சில்லிடுவது, சலம் (சிறுநீர்) குறைவது, பிள்ளை அடித்துப் போட்டதுபோல் கிடப்பது, இதில் ஒன்று கண்டாலும் விடியும் வரை காத்திருக்காமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

மார்ச் 21

இந்த நாலு வரியை ஒரு தாளில் எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினேன். மாணவித் தங்கச்சி அதைத் தன் விரிவுரையாளரிடம் காட்டிச் சரி பார்த்து, ஒரு இடத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்: ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்), கஞ்சி, இளநீர் எல்லாம் குடிக்கலாம், சிவப்பு நிறக் குடிபானம் வேண்டாம், வாந்தியில் இரத்தம் இருந்தால் தெரியாமல் போய்விடும். சேர்த்துவிட்டேன். சிங்களப் பிரதியை அவரே எழுதித் தருகிறாராம். மருதானைத் தம்பி தங்கள் பள்ளிவாசல் அறிவித்தல் பலகைக்குத் தமிழ்ப் பிரதி கேட்டிருக்கிறார். நாளைக்குப் பின்னேரம் கடைக்கு வாருங்கள் தம்பி, போட்டோகொப்பி எடுத்து வைக்கிறேன்.